தாம்பரத்தில் தோட்டம் என்றால்

இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த உறவினருக்கு வேலை தேடித் தாம்பரம் பக்கம் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை என் சித்தி மகள் மேரியை அழைத்துக்கொண்டு போனேன். இந்திய, இலங்கை அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தத்தில் அவளுக்கு இந்தியா என்று முடிவாகிவிட்டது. கணவனின் குடியுரிமை மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. அவனும் குழந்தையும் இன்னும் இலங்கையில், ஹட்டனில் மாவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். இந்த மாதத்துக்குள் இங்கே வேலை கிடைக்காவிட்டால் மறுவாழ்வுத் துறைக்காரர்கள் மேரியை ஆந்திரப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு அனுப்பிவிடுவார்கள். தெலுங்கில் அவளுக்கு ஒரு சொல் தெரியாது.

எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம். மீனம்பாக்கம் தாண்டினால் உட்கார இடம் கிடைக்கும். மேரி உட்காரவில்லை.

தாம்பரத்தில் இறங்கிக் கிழக்கே இரண்டு மைல். ஆட்டோக்காரர் மூன்று ரூபாய் கேட்டார். அநியாயம் என்றேன்.

"பெட்ரோல் இன்னா விலை விக்குது தெரிமா அக்கா? எங்கியோ அரபு நாட்டுல சண்டை, எனக்கு பேஜாரு."

ஏறிக்கொண்டோம்.

போன இடம் ஒரு பெண்கள் விடுதி. தோட்டத்திலிருந்து வந்தவளுக்கு வேலை வேண்டும் என்று தோழி மூலம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். வார்டன் அம்மாள் மேரியை ஏற இறங்கப் பார்த்தார்.

"தோட்டத்துல இருந்தியாமே? பூச்செடியா, காய்கறியா?"

மேரி விழித்தாள். "தேயிலை, மிஸ்."

மேரி மாதிரியானவர்களுக்குத் தோட்டம் என்றால் ஒரு மலை; வீடு, கோயில், பள்ளி எல்லாம் அதற்குள். இங்கே தோட்டம் என்றால் நாலு செம்பருத்தி.

"நான் பிள்ளைக் காம்பராவுல இருந்தேன், மிஸ். அம்மாமார் கொழுந்தெடுக்கப் போனதும் கைப்பிள்ளைங்கள நான்தான் பாத்துக்குவேன்."

"இங்க தொட்டில் ஆட்ட யாரும் இல்லம்மா. எல்லாம் காலேஜ் பொண்ணுங்க. தோட்டக்காரன் துபாய்ல எண்ணெய்க் காசு கொட்டுதுன்னு போய்ட்டான். செடியெல்லாம் காயுது."

நான் வாய் திறப்பதற்குள் மேரி முந்திக்கொண்டாள். "மண்வெட்டி பிடிப்பேன் மிஸ். பின்னால தோட்டக்காரர் இருந்த ரூம் இருக்காமே, அவரும் பிள்ளையும் வந்தா தங்கலாமா?"

"மொதல்ல திங்கக்கிழமை வந்து கொத்திக் காட்டு."

போகிறவர்கள் வெயிலுக்கு முன் போய்விடுங்கள். நடக்க முடிந்தால் ஆட்டோ வேண்டாம். சிபாரிசு சொல்லும்போது 'தோட்டம்' என்று மட்டும் சொல்லாதீர்கள், தேயிலைத் தோட்டம் என்று முழுதாகச் சொல்லுங்கள். ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் எங்களை வரவே சொல்லியிருக்க மாட்டார். அதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

திரும்பும் ரயிலில் மேரி மெத்தென்ற உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். "திங்கக்கிழமைக்குள்ள கை காய்ச்சுப் போயிடுமா அக்கா?"

இன்று ஞாயிறு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு செடிகூட இல்லாத தரையைக் காலையிலிருந்து கொத்திக்கொண்டிருக்கிறாள். கையில் துணி சுற்றிக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்கிறாள்.