சத்தியநாதன் வரைய நினைத்த பாலம்

சத்தியநாதன் எங்கள் பள்ளியில் அறிவியல் வாத்தியார். நான் தமிழ். பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஆமத்தூரில் தன் வீட்டு மொட்டை மாடியில், தானே செய்த தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, வருடா வருடம் ஒரே சங்கதியைத்தான் தேடுவார். சப்தரிஷி மண்டலத்தின் வாலுக்குப் பக்கத்தில் இரண்டு விண்மீன் திரள்கள். சின்னது பெரியதை உரசிக்கொண்டு போனதில், நடுவே மெல்லிய ஒளிப் பாலம். அந்தப் பாலத்தைக் கண்ணால் பார்த்துப் பென்சிலால் வரைய வேண்டும். திரள்கள் இரண்டும் மங்கலான திட்டுகளாகத் தெரிவது வரைக்கும் பார்த்துவிட்டார், பாலம்தான் சிக்கவில்லை. ஊர் கிறுக்கு என்றது. நானும் சொல்லியிருக்கிறேன்.

கண் அழுத்த நோயில் வலது கண் போயிற்று. இடது கண்ணுக்கு இரண்டு வேளையும் சொட்டு மருந்து. நிறுத்தினால் அதுவும் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இந்த ஏப்ரல்ல வரைஞ்சிரணும் சார்," என்றார் என்னிடம், போன வருடம்.

தொலைநோக்கிக்குள் ஒளியைக் குவிக்கும் பெரிய ஆடி லேசாக மங்கியிருந்தது. "மேல பூசியிருக்கது அலுமினியம். திரும்பப் பூசி வாங்க ரெண்டு மாசம் ஆகும். இதை வச்சே பாத்துக்கிறேன்," என்று கண்ணுச்சாமியிடம் வாய்விட்டார். கண்ணுச்சாமி ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மகள் பாண்டிச்செல்வி பத்தாவது தேறியது சாரால்தான் என்று அவர் மேல் உயிரையே வைத்திருந்தவன். அலுமினியப் பவுடரிலேயே இருபது வருடம் புழங்கியவன்.

சார் மதுரைக்குக் கண் காட்டப் போன அன்று, அலுமினியம்தானே, நாமே பூசிவிடுவோம் என்று ஒரு பொட்டலம் பவுடரோடு மாடியேறி, குத்துவிளக்கைத் துலக்குவது போல அந்த ஆடியைத் தேய்த்துவிட்டான். பூச்சு உரிந்து வட்ட வட்டமாகக் கீறல் விழுந்தது. பயந்துபோய், மூடிவைத்துவிட்டு இறங்கிவிட்டான்.

மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு மாடியில் மூவரும் இருந்தோம். சார் அரைமணி நேரம் குனிந்தே நின்றார்.

"திட்டுகூடத் தெரியலையே. கண்ணுச்சாமி, நீ பாருப்பா."

அவன் பார்த்தான். "நல்லாத் தெரியுது சார். ரெண்டும் இருக்கு. நடுவுல கோடு மாதிரிகூட இருக்கு."

அடுத்து என்னைப் பார்க்கச் சொன்னார். எந்த வருடமும் எனக்கு அதில் ஒரு மண்ணும் தெரிந்ததில்லை. சீக்கிரம் கீழே இறங்கலாமே என்று எப்போதும் "தெரியுது" என்பேன். அன்றும் அதையே சொன்னேன்.

"அப்ப என் கண்ணுதான் போயிருச்சு," என்றார்.

அன்றோடு சொட்டு மருந்தை விட்டுவிட்டார். இனி எதைப் பார்க்க என்று நினைத்திருக்கிறார். நர்ஸான மனைவி ஜெஸ்லினிடம் போட்டாயிற்று என்று பொய் சொல்லி வந்தார். கிறிஸ்துமஸுக்குள் இடது கண்ணும் அவிந்தது.

அதன் பிறகுதான் கண்ணுச்சாமி என்னிடம் ஆடியைத் திறந்து காட்டி அழுதான். "சார்ட்ட சொல்லிரவா?"

"வாயை மூடுலே," என்றேன். அவனுக்காக அல்ல, என் பொய்யும் வெளிவந்துவிடுமே என்று எனக்காக. என்னை நான் மன்னிக்கவில்லை.

இந்த வருடம் ஏப்ரலில் சார் எங்களை மாடிக்குக் கூப்பிட்டார். மடியில் அட்டை, கையில் பென்சில். "நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் வரையிறேன்."

கண்ணுச்சாமி அந்தப் பாழான ஆடி வழியே பார்த்தபடி, பாலம் எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்று சொன்னான். அவர் தடவித் தடவி வரைந்தார். முடித்ததும் சிரித்தார். இத்தனை வருடத்தில் அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"படத்துக்குக் கீழ, பாத்தவங்க பேரு எழுதணும். உங்க ரெண்டு பேரு பேரையும் எழுதுங்க சார்," என்று தாளை என்னிடம் நீட்டினார்.

எழுதினேன்.