லட்சுமி அட்டை போட்ட நோட்டு

எங்கள் வீட்டிலிருந்த நோட்டுகள் அத்தனையும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். திருத்தங்கலில் அச்சாபீஸ் வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரர், சரியாக அச்சாகாமல் கழித்துப்போட்ட காலண்டர் தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்து தருவார். நான் பத்தாம் வகுப்புப் படித்த வருடம் வந்தது முழுக்க லட்சுமி படம். கலர் விலகி, ஒவ்வொரு லட்சுமிக்கும் இரண்டு மூக்கு. அதை வைத்துத்தான் அக்கா என் நோட்டுகளுக்கும் கைடுகளுக்கும் அட்டை போட்டுக்கொடுத்தாள். எது கணக்கு, எது வரலாறு என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். பட்டாசு ஆபீஸில் பாக்கிங் வேலை; ஆலையை எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவளைச் சேர்த்துவிட்ட அன்றைக்கு அம்மா போர்மேனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: மருந்து ரூமுக்கு மட்டும் இவளை விடக் கூடாது. மருந்து ரூம் என்றால் வெடிமருந்தைக் கலந்து குழாய்களில் செலுத்துகிற இடம். பாக்கிங் ரூம் வாசலுக்குப் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் எட்ட இருந்தது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அம்மா தினமும் நிம்மதியாகத் தன் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனாள். அப்பா அப்போது லாரியில் வடக்கே போயிருந்தார்.

இங்கிலீஷ் பரீட்சையன்று, மடங்கிப்போயிருந்த என் ஹால்டிக்கெட்டைப் பார்த்துவிட்டு ஹாலில் இருந்த சார் முறைத்தார். இனி கசங்கவே கூடாது என்று வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டின் அட்டை மடிப்புக்குள் அதைச் செருகிவைத்தேன். என்ன ஒரு புத்தி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அடுத்து கணக்குப் பரீட்சை. அன்று விடியும் முன்பே அம்மாவுக்கு வேன் வந்துவிட்டது. கிளம்பும்போது அக்காவை எழுப்பிவிட்டுப் போவது அவள் வழக்கம். அன்றைக்கு, பிள்ளை அசந்து தூங்குகிறது என்று எழுப்பாமல் போனாள். அக்கா தானாகவே எழுந்து, டீ போட்டு, எனக்குத் தலை பின்னிவிட்டு, ஏழு மணி பஸ்ஸுக்கு அனுப்பினாள். ஜாமெட்ரி பாக்ஸை மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.

திருத்தங்கலில் பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய், பாக்ஸைத் திறந்த பிறகுதான் ஹால்டிக்கெட்டை எடுக்கவில்லை என்று உறைத்தது. எதிர் டீக்கடையில் இருந்த ஒரு ரூபாய் போனில் எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடைக்குக் கூப்பிட்டேன். ஆபீஸ் வேன் அந்தக் கடை வாசலில்தான் நிற்கும். அக்கா தூக்குவாளியோடு அங்கே நின்றுகொண்டிருந்தாள். கடைக்காரர் அவளிடம் போனைக் கொடுத்தார். நான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். எந்த நோட்டு என்று கேட்டாள். பதற்றத்தில் எனக்கு நினைவே வரவில்லை. லட்சுமி அட்டை போட்டது என்றேன்.

"எல்லாமே லட்சுமிதானடி," என்று சிரித்தாள்.

ஒன்பதேகாலுக்கு ஹால்டிக்கெட்டோடு வந்து சேர்ந்தாள். நோட்டுகளையெல்லாம் தரையில் பரப்பி ஒவ்வொன்றாக உதறியிருக்கிறாள். அதற்குள் வேன் போய்விட்டது. வீட்டுக்குப் போய்விடு என்று பேச்சுக்குச் சொன்னேன்.

"லீவு போட்டா பாக்கிங்ல வேற ஆளப் போட்ருவாக. நான் பஸ்ஸப் பிடிச்சுப் போய்க்கிருதேன். அம்மாட்ட சொல்லிராதடி, ஒன்னைய வையும்."

சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹாலில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் ஒரு பெண்ணும் ஹால்டிக்கெட்டை மறந்துவிட்டு வந்திருந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த டீச்சர், இவள் எங்கள் பிள்ளைதான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நாளைக்குக் கொண்டுவா என்று சொல்லி அவளை உட்காரவைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் சட்டம். நான் அழுவதற்கு முன்னால் டீச்சரிடம் கேட்டிருக்கலாம்.

வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தபோது ஜன்னல்கள் அதிர்ந்தன. பட்டாசைச் சோதித்துப் பார்க்கிற சத்தம் எது, ரூம் வெடித்துப் போகிற சத்தம் எது என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹாலில் இருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கினோம். எல்லார் வீட்டிலும் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு ஆபீஸில் இருந்தார்கள். சார் ஜன்னலுக்குப் போய்ப் புகையைப் பார்த்தார். எந்தப் பக்கம் என்று ஒருத்தி கேட்டாள். அவர் எழுதுங்க என்று மட்டும் சொன்னார். நம் அக்கா பாக்கிங்கில்தானே இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தொடுகோட்டைப் போட்டு முடித்தேன். கோடு கொஞ்சமும் பிசகவில்லை.

அக்காவோடு பாக்கிங்கில் இருந்த ஒரு பெண் பிற்பாடு எங்களிடம் எல்லாம் சொன்னார். இவள் போய்ச் சேர்ந்தபோது பத்தரை மணி. பாக்கிங்கில் இவள் இடத்தில் வேறு ஆளை உட்காரவைத்துவிட்டார்கள். மருந்து ரூமில் அன்று ஒரு ஆள் குறைவு. இன்றைக்கு ஒருநாள் மட்டும் என்று போர்மேன் அனுப்பியிருக்கிறார். இவளும் போயிருக்கிறாள்.

அன்று மத்தியானம் சித்தி என்னை பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக வீட்டுக்குக் கூட்டிப்போனார். அம்மா அதற்குள் மதுரைக்கு, ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்தால் தரையெல்லாம் நோட்டுகள், இரண்டு மூக்கு லட்சுமிகள். சித்தி தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் நான் அவற்றைப் பொறுக்கி, அடுக்கி, பழைய இடத்தில் வைத்தேன். பதினைந்து வயதில் எனக்கு அதை மறைக்கத் தோன்றியிருக்கிறது. இன்றுவரை என்னால் மன்னிக்க முடியாதது அந்த மறதியை அல்ல, அந்த அடுக்கலைத்தான்.

அக்கா மூன்று நாள் இருந்தாள். பேசவில்லை. மீதி இரண்டு பரீட்சைகளையும் நான் எழுதினேன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: ஒருநாளும் வேனை விடாத பிள்ளை, அன்றைக்கு ஏன் விட்டாள்?

"நான் எழுப்பாமப் போயிட்டேன்," என்றாள் அம்மா. "அசந்து தூங்குதாளேன்னு விட்டுட்டுப் போயிட்டேன்."

நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில்தான் நின்றேன். பலசரக்குக் கடைக்காரரும் அங்கே இருந்தார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நானாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். அவர் சாகும்வரை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

நானும் திறக்கவில்லை. ஒரு வசவுக்குப் பயந்து அவள் மறைக்கச் சொன்னதை, வருடக்கணக்காக அவள் பேரைச் சொல்லியே காப்பாற்றிவருகிறேன். அக்காதானே சொல்ல வேண்டாம் என்றாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

படித்த படிப்புக்கு வேலை கிடைத்து, இப்போது அம்மா என்னோடுதான் இருக்கிறாள். தினமும் விடியும் முன்பே வந்து என் தோளைத் தொட்டு எழுப்புகிறாள். ஞாயிற்றுக்கிழமையிலும் எழுப்புகிறாள். உன் அம்மாவுக்கு லீவே கிடையாதா என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். நான் ஒருநாளும் இன்னும் கொஞ்ச நேரம் என்று கேட்டதில்லை. அவள் கை பட்டதும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். நான் கண் திறந்ததைப் பார்த்த பிறகுதான் அவள் போய்ப் படுக்கிறாள்.