கால் டிகிரியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

லென்ஸ் பட்டறையில் அவருக்குக் கால் டிகிரி என்று பெயர். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் அரைத்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. சாய்வு கால் டிகிரி பிசகினாலும் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

"அண்ணே, போட்டுக்கப் போறவரு ராக்கெட்டா விடப் போறாரு? பேப்பர்தானே படிக்கப் போறாரு?" என்பான் பக்கத்து மேசைக்காரன்.

"படிக்கிறவருக்குத் தலை வலிச்சா நீயா போய் அமுக்கி விடுவே?" என்பார் இவர், நிமிராமலே.

இந்தக் குணம்தான் வீட்டில் ஒத்துவரவில்லை என்று மனைவி நீதிமன்றத்தில் சொன்னாள். பாத்திரம் கவிழ்த்து வைத்தால் ஒரு குறை, பிள்ளைக்குச் சடை பின்னினால் ஒரு குறை. "குத்தம் கண்டுபிடிக்காம இவரால ஒரு பொழுது இருக்க முடியாதுங்க" என்றாள். பதில் சொல்ல எழுந்தவருக்கு, அவள் சொன்ன தேதிகளில் ஒன்று தப்பு என்பதுதான் முதலில் வாயில் வந்தது. வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

எட்டு வயது மகள் அம்மாவோடு போனாள். அப்பாவுக்கு மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, நீதிமன்றக் கட்டடத்தின் சந்திப்பு அறையில். பிளாஸ்டிக் நாற்காலிகள், சக்கரம் கழன்ற பொம்மை லாரி, மூலையில் நோட்டும் கையுமாக ஒரு மேற்பார்வை அம்மா. முன்பு "நீ வாப்பா" என்று கையைப் பிடித்து இழுத்தவள், அந்த அறையில் எப்போதிருந்தோ "நீங்க" என்று பேசத் தொடங்கியிருந்தாள். அது எந்தச் சனிக்கிழமை என்று அவருக்கே பிடிபடவில்லை.

பதினொரு மாதம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஞாயிறு முழுநாளும் பிள்ளையைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ள மனுப் போட்டிருந்தார். ஜன்னலோரம் ஒரு சின்னக் கட்டில் போட்டாயிற்று. தலையணையை மட்டும் உறை பிரிக்காமல் வைத்திருந்தார். அவள் வந்துதான் பிரிக்க வேண்டும்.

"அந்த நோட்டுல ஒரு வரி உங்களுக்கு எதிரா இருக்கக் கூடாது சார். இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை. வாயை மூடிக்கிட்டு உக்காந்துட்டு வந்துருங்க, ஞாயித்துக்கிழமை உங்களுது" என்றார் வக்கீல்.

அந்த ஒரு சனிக்கிழமை மகள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள்.

"எப்பம்மா போட்டாங்க?"

"போன வாரம்."

"எந்தக் கடையில?"

"அம்மாவுக்குத்தான் தெரியும்."

ஊரார் மூக்குக்கெல்லாம் பொருத்துகிறவர். சொந்தப் பிள்ளைக்கு எவனோ பொருத்தியிருக்கிறான். அதையும் விழுங்கிக்கொண்டார். ஆனால் பேசும்போது பிள்ளை அடிக்கடி தலையை வலப்பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். லென்ஸின் சாய்வு பிசகினால் ஆட்கள் இப்படித்தான் தலையைச் சாய்ப்பார்கள் என்று இருபது வருஷ அனுபவம் சொன்னது.

"சரியாத் தெரியுதாம்மா?"

"நல்லா தெரியுதுப்பா."

அவர் நம்பவில்லை. கண்ணாடியைக் கழற்றி, டாக்டர் சீட்டு வைத்திருந்த அதன் கூட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். "பட்டறை அடுத்த தெருதாம்மா. பத்தே நிமிஷம், பாப்பாவைப் பாத்துக்குங்க."

"உத்தரவுல நீங்க கூடவே இருக்கணும்னு இருக்கு சார்" என்றார் மேற்பார்வை அம்மா. "வெளிய போனா நான் எழுதித்தான் ஆகணும்."

காதில் விழத்தான் செய்தது. மனசு முழுக்கச் சாய்வில் இருந்தது. போய்விட்டார்.

அளவு பார்க்கும் கருவியில் வைத்தார். சீட்டில் உள்ளபடியே இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். கருவியிலேயே கோளாறோ என்று அதையும் கழற்றிச் சரிபார்த்து மாட்டினார். மூன்றாம் தடவையும் அதேதான். பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்து, "யாருண்ணே பொருத்துனது? உங்க கை மாதிரியே இருக்கு" என்றான்.

திரும்பி வந்தபோது பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கைகளை மடியில் வைத்து, விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். காதில் மாட்டிவிட்டார்.

"கண்ணாடி சரியாத்தான் இருக்கும்மா."

"நான்தான் சொன்னேனே."

"பின்ன ஏன் தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பாத்தே?"

அவள் அவர் தோளுக்குப் பின்னால் கை காட்டினாள். "கடிகாரம் உங்களுக்குப் பின்னாடி இருக்குப்பா. நீங்க மறைச்சீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். பதினொன்று ஐம்பத்திரண்டு. மூலையில் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

விசாரணையன்று நீதிபதி அந்த வரியை வாசித்தார்: இரண்டு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் தந்தை அறையில் இல்லை, குழந்தை கண்ணாடியின்றிக் காத்திருந்தது. ஞாயிறு இப்போதைக்கு இல்லை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று முடிந்தது.

படி இறங்கும்போது வக்கீல் கேட்டார். "அந்தக் கண்ணாடியில ஏதாவது கோளாறாவது இருந்துச்சா சார்? இருந்திருந்தா அதை வச்சு வாதாடியிருப்பேன்."

"இல்ல. சுத்தமா இருந்துச்சு."

தலையணை உறையோடு பரண் ஏறியது.

அடுத்த சனிக்கிழமை கால் மணி நேரம் முன்னதாகவே போனார். தம் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டார். பிறகு பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தார். கடிகாரத்தின் ஓரம் கொஞ்சம் மறைந்தது. எழுந்து போய்த் தம் நாற்காலியை இன்னும் ஒரு விரற்கடை தள்ளிப் போட்டார். மறுபடி உட்கார்ந்து பார்த்தார். இப்போது முழுசாகத் தெரிந்தது.