டிராகனுக்குத் தீனி வைத்தவர்

அழைப்பிதழில் தன் பெயர் அச்சாகியிருந்த இடத்தைச் சித்தார்த் பலமுறை பார்த்தாயிற்று. 'வீ. சித்தார்த், எம்.ஏ., பி.எட்.' பேரையூர்ப் பக்கத்தில் அவன் பிறந்த தெருவில், பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்ட முதல் ஆள் அவன்தான். இப்போது பரவையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர். அப்பா வீரணன் அழைப்பிதழை வாங்கி எழுத்தின்மேல் விரலை ஓட்டிவிட்டு, என்ன விசேஷம் என்று கேட்டார். கல்லூரிக் கூட்டாளி ஹரி டிராகன் கதை எழுதியிருக்கிறான், அதற்கு விழா என்றான். தான் பேசப்போவது அதன் குறைகளை என்பதை மட்டும் சொல்லவில்லை.

மதுரையில் எதையும் இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேசினால்தான் கூட்டம் உட்காரும். அதனால் வாசகர் வட்டத்தார் விழாவையே பட்டிமன்றமாக்கி, 'எரிசிறகு நாவலில் விஞ்சி நிற்பது நிறையா, குறையா?' என்று போட்டுவிட்டார்கள். குறை அணிக்கு ஆள் அமையவில்லை. ஹரிநாராயணனே போன் செய்தான்.

"நீ பேசுடா. வேற யாரு பேசினாலும் எனக்குக் கோவம் வரும்."

புத்தகத்தைப் பிரித்ததும் சித்தார்த் அதில் ஒரே ஒரு பெயரைத்தான் தேடினான்.

அந்தப் பெயர் பிறந்தது நாகமலை அடிவாரத்துக் கல்லூரி வாசலில், பஸ் நிறுத்தத்தில். மலை நீட்டிப் படுத்துக் கிடக்கும். அதைக் காட்டித்தான் ஹரி கதையைத் தொடங்கினான்: அது மலையில்லை, தூங்குகிற டிராகன். அவன் வடக்கு மாசி வீதிக்குப் போக வேண்டியவன், சித்தார்த் விடுதிக்காரன். பஸ் வரும். கதை முடிந்திருக்காது. அடுத்த பஸ்ஸில் போகிறேன் என்று ஹரி கையை ஆட்டி அனுப்பிவிடுவான். வேர்க்கடலைப் பொட்டலம் தீர்ந்து, காகிதத்தையும் உதறிப் பார்த்தாயிற்று என்றாலும் டிராகன் பறந்துகொண்டேயிருக்கும்.

ஒருநாள் சித்தார்த் குறுக்கிட்டான். "அம்புட்டுப் பெரிய உசுருக்குத் தீனி யாரு மாப்ள வைக்கிறா? சாணிய யாரு அள்ளுறா?"

ஹரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நீயே ஒரு ஆளைப் போடு என்றான். சித்தார்த் தன் பெரியப்பா பேயாண்டியைப் போட்டான். பண்ணை வீட்டு மாடுகளோடே வாழ்ந்து தீர்ந்தவர் அவர். மறுநாள் முதல் கதையே மாறிப்போனது. ராஜாவின் தாடியைப் பொசுக்குகிற டிராகன், பேயாண்டி செருமினால் சிறகை மடக்கிக்கொள்ளும். அவருக்காகவே ஹரி எத்தனையோ பஸ்ஸை விட்டான்.

அச்சான நாவலில் ராஜாவின் குதிரைக்கும் வாளுக்கும்கூடப் பெயர் இருந்தது. தீனி வைக்கிறவர், 'ஒரு பணியாள்'.

மற்ற குறைகளைச் சொல்வது சுலபம். போர் நீண்டுகொண்டே போகிறது. ராஜா முதல் வண்டிக்காரன் வரை எல்லோரும் ஒரே செந்தமிழ் பேசுகிறார்கள். ஆனால் இந்தக் குறையைச் சொன்னால் ஹரியின் விழாவில் ஹரியையே குத்தியதாகிவிடும். சொல்லாமல் விட்டால், அப்பா தடவிப் பார்த்த அந்த எழுத்துகளுக்கு என்ன மரியாதை?

மேடையில் முதலில் நிறையைத்தான் பேசினான். முட்டையை இழந்த டிராகன் மழையில் நனைந்துகொண்டே அழுகிற இடத்தைச் சொன்னபோது அரங்கம் அசையவில்லை. நடுவர் மணியைத் தட்டி, தம்பி எந்த அணி என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை நின்றான்.

"வாடிவாசல்ல காளை வந்தா, அது யாரு வீட்டுக் காளைன்னு மைக்குல சொல்லுவாங்க. கயித்தப் பிடிச்சுக் கூட்டியாந்தவர் பேரு வராது. எங்க பெரியப்பா அப்பிடித்தான் வருசாவருசம் பேரில்லாம வந்து போனாரு. இந்த நாவல்லயும் மைக்கு அப்பிடித்தான் பேசுது."

யார் பெயரையும் அவன் சொல்லவில்லை. ஹரி மட்டும் குனிந்துகொண்டான்.

நிறையே என்று தீர்ப்பு வந்தது. ஏற்புரையில் ஹரி எல்லோருக்கும் நன்றி சொன்னான், சித்தார்த் பேசியதைத் தொடவேயில்லை. கையெழுத்து வாங்கும் வரிசையில் சித்தார்த்தும் போய் நின்றான்.

அவன் முறை வந்ததும், ஹரி நிமிராமலே பேசினான். "பேரு சிரிப்பா இருக்குன்னு பதிப்பகத்துல சொன்னாங்கடா. நான் சண்டை போடல." பேனாவைத் திறந்தான். "யாருக்குன்னு எழுத?"

"பேயாண்டிக்குன்னு எழுது."

ஹரி நிதானமாக, பெரிய எழுத்தில் எழுதினான். பின்னால் நின்ற கல்லூரிப் பெண் எட்டிப் பார்த்து, அது யார் சார் என்று கேட்டாள்.

"டிராகனுக்குத் தீனி வச்சவரு. அடுத்த பதிப்புல வருவாரு" என்றான் ஹரி.

சித்தார்த் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, பரவை பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன் என்றான். ஹரி அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அடுத்த பஸ்ல போலாம், இருடா."