அத்தை நின்ற இடம்

எங்கள் வீட்டில் யாரையும் எதிர்த்துப் பேசாதவர் அம்மா. யாரையும் விட்டுவைக்காதவர் அத்தை. அப்பாவின் தங்கையான அவர் பல்லேகலயில் ஒரு தையல் ஆலைக்குப் போய்வந்துகொண்டு, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், எங்களோடு இருந்தார்.

எரிவாயு இல்லை, பாதி நாள் மின்சாரமில்லை என்று ஜனங்கள் கண்டி நகரில் ஊர்வலம் போகத் தொடங்கிய வருஷம் அது. பெரிய ஊர்வலம் ஒன்றுக்கு முந்தைய நாள் அரசாங்கம் ஊரடங்கு போட்டது. முகநூலையும் முடக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடம் இல்லை என்பதால் எனக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது.

அத்தை ஒரு பால்மா பெட்டியைக் கிழித்து, "எங்களைக் கேட்டு ஆளுங்கள்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஒங்க அண்ணன் நாளைக்கு டவுன்ல த்ரீவீல் ஓட்ட வேணாமா? உள்ள வாங்க" என்று அம்மா கெஞ்சினார்.

"ரோட்டுலதான் அண்ணி நிக்கக் கூடாது. இது நம்ம வாசல்."

ரோந்து வந்த பொலிஸ் ஜீப் நின்றது. இறங்கிய அதிகாரி கோபப்படவில்லை. தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் பொறுமையாகவே சொன்னார். "நங்கி, இந்த வாசல் தோட்டத்துக்குச் சொந்தம். ஒங்களுக்கு இல்ல."

அத்தை பின்வாங்கி, நிலைப்படிக்கு உள்ளே நின்றார்.

"வீடும் தோட்டத்துதானே" என்றார் அதிகாரி.

"அப்ப நாங்க எங்கதான் சேர் நிக்கிறது?"

அதிகாரி ஜீப்பின் பின்கதவைத் திறந்தார். அத்தையையும் அட்டையையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். கூட ஏறப்போன அப்பாவை இறக்கிவிட்டார்கள்.

மறுநாளும் ஊரடங்கு. அம்மா முகம் கழுவி, கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, அத்தை நின்ற இடத்தில் போய் நின்றார். கையில் ஒன்றுமில்லை. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தானும் போய்ப் பக்கத்தில் நின்றார். அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. கொஞ்ச நேரத்தில் லயம் முழுக்க, வாசலுக்கு வாசல் ஆட்கள் பேசாமல் நின்றார்கள். ரொட்டி விற்கும் பாண் வண்டி வருகிறதாக்கும் என்று நானும் பையை எடுத்துக்கொண்டு ஓடி, அம்மா பக்கத்தில் இடம் பிடித்தேன்.

மத்தியானம் ஜீப் வந்து அத்தையை இறக்கிவிட்டது. அதிகாரி அந்த வரிசையைக் கடைசிவரை பார்த்தார். யாரையும் உள்ளே போகச் சொல்லவில்லை. அத்தையும் உள்ளே போகாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

பாண் வண்டிதான் வரவில்லை. வராத வண்டிக்காக இத்தனை பேர் ஏன் இன்னும் நிற்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.