எட்டு கேலன் மிச்சம்

சுண்ணாம்பை விரலால் தொட்டு, பற்றவைத்த மூட்டின் மேல் கோடாக இழுத்துக்கொண்டே போகிறார் இக்னேஷியஸ். பெட்ரோல் டாங்கியின் ஓரங்களெல்லாம் வெளுத்த பிறகு உள்ளே மண்ணெண்ணெயை ஊற்றி மூடி, இரண்டு செங்கல்லின் மேல் ஏற்றி வைத்துவிட்டு, எதிரில் ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மூட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெள்ளையில் ஈரம் கறுப்பாகப் படரும். படர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அடுத்த மூன்று மணி நேரத்து வேலை. அந்த நேரத்தில் டீ வந்தால் ஆறிப்போகும். வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுத் தூக்கு மூலையில் கிடக்கும். வண்டிக்குச் சொந்தக்காரர் அவசரப்பட்டால், "குந்து நைனா. உனக்கு இன்னா, எறங்கி ஓடிடுவ. ஒழுகினா இவருதானே எரிஞ்சி போவாரு" என்பார்.

'இவர்' என்பது ஜீப். எந்த வண்டியையும் அவர் ஒருமையில் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆண்பிள்ளைகளுக்குத்தான் நீ, வா, போ எல்லாம். அதில் வக்கீலும் ஒன்றுதான், வண்டி கழுவுகிறவனும் ஒன்றுதான்.

சாந்தோமில், கச்சேரி ரோட்டிலிருந்து கடலைப் பார்க்க முடிகிற இடத்துக்குப் பக்கத்துச் சந்தில் அவருடைய கொட்டகை இருக்கிறது. நாலு கழி, மேலே தகரம். ஆள் ஒல்லி. வயது நாற்பத்தாறு. இடது புருவம் கிடையாது. எப்போதோ பற்றவைக்கும் விளக்கு சீறியதில் போனது திரும்ப முளைக்கவில்லை. அதனால் எதைச் சொன்னாலும் பாதி முகம் நம்பாத மாதிரியே இருக்கும். சண்டைக் காலத்தில் அஸ்ஸாம் பக்கம் பட்டாளத்துப் பட்டறையில் நாலு வருஷம் இருந்தார். குண்டு துளைத்த பெட்ரோல் டாங்கிகளை அடைப்பதுதான் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் ஊருக்கு வந்து இறங்கியபோது கையில் ஒரு தகரப் பெட்டி, மனசில் ஜீப்பின் ஒவ்வொரு ஆணியும்.

அவர் வந்த கொஞ்ச நாளில் ஜீப்புகளும் பின்னாலேயே வந்தன. பட்டாளம் வேண்டாம் என்று கழித்ததை உப்பளக்காரர்கள், காண்ட்ராக்டர்கள், சினிமாக் கம்பெனிக்காரர்கள் என்று ஆளுக்கு ஒன்றாக ஏலத்தில் எடுத்தார்கள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. மணலோ சேறோ ஏறிப் போய்விடும். ஆனால் மணலில் இறங்கிவிட்டால் தண்ணீர் குடிப்பது போலப் பெட்ரோலைக் குடிக்கும். அடையாற்றுப் பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் பம்பைத் தேட வேண்டும், பம்பு கிடைத்தாலும் ரேஷன் கூப்பன் வேண்டும். கிடைக்கிற இடத்தில் நிறைய வாங்கி வண்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ள இன்னொரு டாங்கி இருந்தால் தேவலை என்று எல்லாரும் நினைத்தார்கள். அதைச் செய்யத் தெரிந்தவர் மயிலாப்பூர் வட்டாரத்திலேயே இக்னேஷியஸ் ஒருவர்தான்.

பெட்ரோல் வாசனை அவர் கையை விட்டுப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டு போனாலும் மாதா கோயிலில் கடைசி வரிசையில், வாசல் ஓரமாகத்தான் நிற்பார். அவர் மனைவி ஆலிஸ் முன்னால் போய் மற்றப் பெண்களோடு உட்கார்ந்துகொள்வாள்.

டாக்டர் நோராவுக்கும் அதே கோயில்தான். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ராஜநாயகத்தின் மகள். முப்பத்தைந்து வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், மருந்துப் பெட்டியோடு தெற்கே கடலோரக் குப்பங்களுக்குப் போய் வைத்தியம் பார்ப்பதற்காகவே அப்பா காசில் ஒரு ஜீப் வாங்கியிருந்தார். போன வருஷம் மாசி மாதம் அந்த ஜீப் கொட்டகைக்கு வந்தது. ஓட்டி வந்தவர் கரீமுல்லா, பட்டாளத்தில் லாரி ஓட்டிய டிரைவர்.

"பாதி வழியில பெட்ரோலுக்காகத் திரும்ப வேண்டியிருக்கு இக்னேஷியஸ். போன வாரம் ரெண்டு ஊரைப் பார்க்காமலே வந்துட்டேன்" என்றார் நோரா.

இக்னேஷியஸ் அந்த டாங்கியை ஒன்பது நாள் செய்தார். ஜீப்பில் ஓட்டுகிறவர் உட்காருவது இடது பக்கம். வண்டியோடு வந்த டாங்கி அந்த இருக்கைக்கு அடியில். ஆகவே புதியதை வலது இருக்கைக்கு அடியில் வைத்தார். எட்டு கேலன் பிடிக்கும். குலுக்கலில் பெட்ரோல் அலைமோதாமல் இருக்க உள்ளே இரண்டு குறுக்குத் தகடு வைத்துப் பற்றவைத்தார். முதல் டாங்கி தீர்ந்ததும் இரண்டாவதிலிருந்து இழுப்பதற்கு ஒரு குழாய்த் திருகு. அதில்தான் அவர் தம் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினார். உட்காருகிறவர் கால் பட்டுத் தானாகத் திரும்பிவிடக் கூடாது என்று அதற்குள் ஒரு ஸ்பிரிங்கைப் போட்டார். சும்மா திருப்பினால் திரும்பாது. கட்டை விரலால் கீழே அழுத்தி, அழுத்தியபடியே திருப்ப வேண்டும். கொட்டகைக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, "திருப்பு பாக்கலாம்" என்று சொல்லி, அவர்கள் முக்கிப் பார்த்துத் தோற்றதும் ஒற்றை விரலால் திருப்பிக் காட்டிச் சிரிப்பார்.

வண்டியை எடுக்க வந்த அன்று நோரா கேட்டார். "எப்படித் திருப்பணும்னு எனக்கும் ஒரு தடவை காட்டிடுங்க இக்னேஷியஸ்."

அவர் கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய் சொட்டி இருக்கைக்கடியெல்லாம் பிசுபிசுப்பாக இருந்தது. டாக்டரம்மா வெள்ளைப் புடவை.

"உங்களுக்கு எதுக்கு டாக்டரம்மா இந்த அழுக்கெல்லாம்? பாய்க்குக் காட்டிட்டேன். அவரு பாத்துக்குவாரு."

நோரா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகியிருந்தது. ஏறிப் போய்விட்டார்.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை கரீமுல்லாவுக்கு ஜுரம். நோராவுக்கு ஓட்டத் தெரியும். தாமே ஓட்டிக்கொண்டு போனார். திருப்போரூருக்குக் கிழக்கே ஒரு குப்பத்தில் செண்பகம் என்கிற பெண்ணுக்கு அன்று விடியற்காலம் பிரசவமாகியிருந்தது. பெண் குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்குத்தான் இரத்தம் நிற்கவில்லை. கையிலிருந்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டு, ஜீப்பின் பின்னால் பாயை விரித்து அவளைப் படுக்க வைத்து, நாத்தி சுலோச்சனாவையும் ஏற்றிக்கொண்டு பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். புருஷன் தங்கவேல் கடலுக்குப் போயிருந்தான்.

கேளம்பாக்கத்துக்கு நாலு மைல் இருக்கும்போது வண்டி இரண்டு முறை இருமி நின்றது. உச்சிப் பொழுது. இரண்டு பக்கமும் உப்பளம். ஆள் நடமாட்டமே இல்லை.

இரண்டாவது டாங்கி நிறைந்திருக்கிறது என்று நோராவுக்குத் தெரியும். இருக்கையைத் தூக்கினார். திருகு கண்ணுக்கு எதிரில் இருந்தது. திருப்பினார், திரும்பவில்லை. புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு இரண்டு கையாலும் திருப்பினார். ஸ்பானரை எடுத்து மாட்டினார். பித்தளை லேசாக வளைகிறது போல் தெரிந்ததும், உடைந்தால் எட்டு கேலனும் ரோட்டில் போய்விடுமே என்று பயந்து நிறுத்தினார். மறுபடியும் கையால் முயன்றார். முக்கால் மணி நேரம் கழித்து ஓர் உப்பு வண்டி வந்தது. மூட்டைகளைத் தள்ளிவிட்டு செண்பகத்தை அதில் ஏற்றினார்கள். கேளம்பாக்கம் எல்லைக்குப் போவதற்குள் அவள் இறந்துபோனாள்.

மறுநாள் ஜுரத்தோடு எழுந்து போய்க் கரீமுல்லா வண்டியை எடுத்து வந்தார். சனிக்கிழமை காலையில் நோராவும் அவரும் கொட்டகைக்கு வந்தார்கள். இக்னேஷியஸுக்கு ஒன்றும் தெரியாது.

"இன்னா டாக்டரம்மா, இவரு ஒழுங்கா போறாரா?"

"இந்தத் திருகை எப்படித் திருப்பறது இக்னேஷியஸ்?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இருக்கையைத் தூக்கினார். "அதான் டாக்டரம்மா இதுல விசயமே. இப்டி வெரலால ஒரு அமுக்கு. அமுக்கிக்கினே ஒரு திருப்பு. கொயந்த கூட பண்ணும்."

நோரா குனிந்து, கட்டை விரலால் அழுத்தித் திருப்பினார். திரும்பியது.

"இவ்வளவுதானா?"

"இவ்ளோதான்."

கரீமுல்லா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நோரா இருக்கையை மூடி அதன் மேல் கையை வைத்தபடி நடந்ததைச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. "காட்டித்தான் ஆகணும்னு அன்னிக்கு நான் நின்னு கேட்டிருக்கணும். அவசரப்பட்டுப் போனது என் தப்பு" என்று முடித்தார்.

"நீங்க கேட்டீங்க டாக்டரம்மா. நாந்தான் காட்டல" என்றார் இக்னேஷியஸ். பிறகு, "வண்டி நிக்காம போயிருந்தா அந்தப் பொண்ணு பொயச்சிருக்குமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"தெரிஞ்சா சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன்."

"நிஜமாவே தெரியாது இக்னேஷியஸ். பிழைச்சிருக்கலாம். வழியிலேயே போயிருக்கவும் கூடும்."

அன்றே அந்தத் திருகைக் கழற்றினார். ஸ்பிரிங் இல்லாத சாதாரணத் திருகை, இருக்கைக்கு வெளியே கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்து, பிடிக்குச் சிவப்பு வர்ணம் பூசி, பக்கத்தில் அம்புக்குறி போட்டு 'இந்தப் பக்கம் திருப்பவும்' என்று எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணல். அதற்கு முன்னால் இதே ஸ்பிரிங் திருகோடு டாங்கி வைத்துக்கொண்டு போன முப்பது வண்டிகளில் இருபத்தாறைத் தேடிப் பிடித்து மாற்றிவிட்டார். மற்ற நாலும் எந்த ஊரில் ஓடுகின்றனவோ, தெரியவில்லை. ஜீப் சத்தம் தெருவில் கேட்டால் இன்றைக்கும் எழுந்து வந்து எட்டிப் பார்க்கிறார்.

கோயிலில் சாமியாரிடம் நடந்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் செய்தார். இது பாவத்தில் சேராது என்று சாமியார் சொல்லிவிட்டாராம். "மனசுலேர்ந்து விட்டுட வேண்டியதுதானே" என்றாள் ஆலிஸ். "அவரு சொல்லிட்டாரு. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாதே ஆலிஸு" என்றார் இக்னேஷியஸ்.

இப்போதெல்லாம், வண்டிக்காரர் குடும்பத்தில் எல்லாரும் வந்து ஒரு முறை திருகைத் திருப்பிக் காட்டாமல் அவர் வண்டியை விடுவதில்லை. அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. தியாகராய நகர் வக்கீல் சுவாமிநாதன் வீட்டுக்கே வண்டியைக் கொண்டு போய் நிறுத்தி, சமையற்காரர் வரைக்கும் வரிசையாக நிற்க வைத்தார். வக்கீல் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நான் இந்த வண்டியத் தொடவே மாட்டேனே! எனக்கெதுக்கு இதெல்லாம்? ஆத்துல எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சிண்டிருக்கா."

"தொடாதவங்கதான் மாமி மொதல்ல தெரிஞ்சிக்கணும். சிரிக்கறவங்க சிரிக்கட்டும். கண்ண மூடிக்கினு திருப்புங்க."

அந்த அம்மாள் திருப்பினாள். அவர் இன்னொரு முறையும் திருப்பச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற மனிதரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

போன மாதம் டாக்டரம்மாவின் வண்டியில், "பிரேக்குல ஒரு சத்தம், கூட வந்து பாக்கறேன்" என்று சொல்லி ஏறிக்கொண்டார். பிரேக்கில் சத்தம் ஏதும் இல்லை. நோராவுக்குத் தெரிந்துதான் இருக்கும், கேட்கவில்லை. குப்பத்தில் நோரா நோயாளிகளைப் பார்க்கப் போனதும், இக்னேஷியஸ் விசாரித்துக்கொண்டு தங்கவேலிடம் போனார். அவன் மணலில் உட்கார்ந்து கிழிந்த வலைக்கு ஊசியால் கண் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அந்தக் குழந்தை. தவழ்கிற வயது.

"நீ இன்னா, டாக்டரம்மா ஆளா?" என்றான்.

"மெக்கானிக்கு. அந்த வண்டிக்கு டாங்கி வெச்சவன்."

"நல்ல அம்மா. இன்னும் வந்துக்கினுதான் கீறாங்க. அன்னிக்கு பெட்ரோல் தீந்துபோச்சாம். யார இன்னா சொல்றது?"

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை.

"தீரல" என்றார் இக்னேஷியஸ். "எட்டு கேலன் மிச்சம் இருந்திச்சி. தொறக்கற வெதம் அவங்களுக்குத் தெரியாது. காட்டுன்னு கேட்டாங்க. நாந்தான் காட்டாம வுட்டுட்டேன்."

தங்கவேலின் கையில் ஊசி நின்றது. அவன் எழுந்து அடிப்பான் என்று இக்னேஷியஸ் எதிர்பார்த்தார். அடிக்கட்டும் என்றும் நினைத்தார்.

"அவ படுத்துக்கினு இருந்த எடத்துக்கும் அந்தப் பெட்ரோலுக்கும் எவ்ளோ தூரம் இருக்கும்?"

இந்தக் கேள்வியை இக்னேஷியஸ் எதிர்பார்க்கவில்லை. முழங்கையை மணலில் ஊன்றி விரலை நீட்டினார். நகர்த்தி, இன்னொரு முறை ஊன்றினார்.

"ரெண்டு மொழம்."

தங்கவேல் அந்தத் தடத்தைப் பார்த்தான். குழந்தை தவழ்ந்து வந்து அதன் மேல் கையை வைத்தது. அவன் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தான். "சரி, போ" என்று மட்டும் சொன்னான்.

திரும்புகிறபோது வண்டி மணலில் புதைந்துகொண்டது. கரீமுல்லா முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். நாலு சக்கரமும் சுற்றி இன்னும் குழி பறித்தன. நோரா இறங்கப் பார்த்தார். அதற்குள் தங்கவேல் குழந்தையைச் சுலோச்சனாவிடம் கொடுத்துவிட்டு வந்தான். யாரையும் பார்க்கவில்லை. காலை மணலில் அழுத்தி ஊன்றி, வண்டியின் பின்பக்கம் தோளைக் கொடுத்தான். பின்னால் உட்கார்ந்திருந்த இக்னேஷியஸின் முழங்காலுக்கு நேரே அவன் தலை இருந்தது. தலைமயிரில் உப்புப் பூத்திருந்தது. இக்னேஷியஸ் பக்கத்துத் தகட்டைப் பிடித்துக்கொண்டு கீழே குதித்தார். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய், அவன் தோளோடு தோளாகத் தம் தோளையும் கொடுத்துத் தள்ளினார்.