அம்மா வளர்த்த மஞ்சள் ரோசா

என் அப்பா பொய் சொல்லி நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அதையும் ஒரு பூங்காவில், அத்தனை பேர் பார்த்திருக்க, அம்மாவின் தலையில் கட்டினார்.

அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், துரை பங்களாவின் பூச்செடிகளைப் பார்ப்பது அப்பாவின் வேலை. அங்கே ஒரு மஞ்சள் ரோசா நின்றது. அந்த வட்டாரத்திலேயே வேறெங்கும் இல்லை என்பதில் துரைசாணிக்குப் பெருமை; அப்பாவுக்கு அதைவிடப் பெருமை. அதில் ஒரு பூ குறைந்தாலும் அவருடைய வேலை போய்விடும். குச்சி நட்டு இன்னொரு செடி உண்டாக்க அவரும் பல தடவை முயன்றார். எல்லாம் அழுகின. "இது குச்சியில வராது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கவாத்து வெட்டிய குச்சிகளைக் குப்பையில் போட்டார்.

அம்மா வேலை செய்தது தவறணையில், அதாவது தேயிலைக் கன்று வளர்க்கும் இடத்தில். ஓர் இலையோடு தண்டைச் சாய்வாக வெட்டி, மண் நிரப்பிய பையில் ஊன்றி, நிழலில் வைத்து வேர்விடச் செய்வார்கள். அப்பா எறிந்த குச்சிகளில் நாலை எடுத்து அம்மா அப்படியே வெட்டி வைத்தார். மூன்று செத்தன, ஒன்று பிழைத்தது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், கோழிக்கூட்டை ஒட்டி, பழைய தகர டப்பாவொன்றில் அது வளர்ந்தது. தண்ணீர் ஊற்றுவது என் வேலை. அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்பது கட்டளை. பங்களாச் செடிகளைப் பார்த்த கண்ணுக்கு எங்கள் கோழிக்கூடு எங்கே தெரியப்போகிறது?

முதல் பூ விரிந்த அன்றுதான் நாங்கள் நுவரெலியாப் பக்கத்துப் பூங்காவுக்குப் போனோம். தோட்டத்து லொறியில் பாட்டும் கூத்தும்தான். யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய கிளாக்கர் ஐயா முன் சீட்டில் இருந்தார். அம்மா அந்தப் பூவைக் கொண்டையில் வைத்திருந்தார்; குளிருக்கு முந்தானையைத் தலையில் போர்த்தியிருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை.

பூங்காவில் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. வழியில் களையைக் கண்டால் குனிந்து பிடுங்கினார்கள். பெரிய மரத்தை அண்ணாந்து பார்த்து, எத்தனை கட்டு விறகு தேறும் என்று வாதாடினார்கள். ரொட்டியும் சம்பலும் தின்று முடித்தபோது வெயில் வந்தது. அம்மா முந்தானையை இறக்கினார்.

உடனே காவலாளி வந்து சிங்களத்தில் ஏதோ கேட்டார். கிளாக்கர் ஐயா எங்களுக்குச் சொன்னார்: "உந்தப் பூவை எங்கை புடுங்கினனீ எண்டு கேக்கிறார்." பிறகு அவரே பூவை உற்றுப் பார்த்தார். "உது துரை பங்களாப் பூவெல்லோ?"

அப்பா முந்திக்கொண்டார்.

"இல்லீங்கய்யா, இங்கதாங்க பறிச்சா. நான் கண்ணால பாத்தேன். தெரியாமப் பண்ணிட்டா, மன்னிச்சிருங்க" என்றார்.

அம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. "யாருங்க பறிச்சா? ஐயா, இது நான் வளத்த பூவு. குப்பையில கெடந்த குச்சியில வந்தது. லயத்துக்குப் பின்னால நிக்குது, வந்து பாருங்க."

"ஏய், அது குச்சியில வராதுடி!" என்றார் அப்பா. வேலை போகப்போகிற நேரத்திலும் மனிதருக்கு அந்த வாதம்தான் பெரிது.

"வந்துச்சுப்பா, நாந்தான் தண்ணி ஊத்துறேன்" என்று நான் உளறிவிட்டேன்.

காவலாளி ரோசாப் பாத்திகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கே அந்த நிறமே இல்லை என்று கையை விரித்துவிட்டுப் போனார். கிளாக்கர் ஐயா மட்டும் விடவில்லை. "சரி, பின்னேரம் நானே வந்து பாக்கிறன்."

திரும்பும் வழியில் ஒருவரும் பாடவில்லை. செடி இருந்தால் தப்பினோம். பக்கத்து வீட்டு ஆடு அதைக் கடித்திருந்தால் அப்பாவின் வேலை போச்சு. நான் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

கிளாக்கர் ஐயா சப்பாத்துக் காலோடு கோழி எச்சத்தைத் தாண்டித் தாண்டி வந்தார். செடி இருந்தது, ஒரு மொட்டோடு. குனிந்து பார்த்தவர் சிரித்துவிட்டார். "குப்பையிலை கிடந்த தடியெண்டால் களவில்லை. எனக்கும் ஒண்டு வச்சுத் தா."

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலையில் அப்பா ஒரு பிடி ரோசாக் குச்சியோடு அடுப்படி வாசலில் நின்றார். "எப்படி வெட்டுறதுன்னு காட்டு."

அம்மா திரும்பிப் பார்க்காமல் ரொட்டியைப் புரட்டினார். "மொதல்ல பீலிக்கரைக்குப் போங்க. தண்ணி புடிக்க லயமே நிக்கும். அந்தப் பூவ யாரு பறிச்சான்னு சொல்லிட்டு வாங்க."

அப்பா குச்சிகளோடேயே போனார். நானும் பின்னால் ஓடினேன். குடங்களுக்கு நடுவில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தப் பூவ யாரும் பறிக்கல. எம் பொண்டாட்டி வளத்தது. நான் சொன்னது பொய்யி. எனக்கு வராதது அவளுக்கு வந்துருச்சு."

அதன் பிறகுதான் அம்மா கத்தியைக் கையில் எடுத்தார்.